பழைய காரின் சைலன்சரில் தண்ணீர்: எது சகஜம், எது ஹெட் கேஸ்கெட்?

காலையில் ஸ்டார்ட் செய்ததும் சைலன்சர் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டினால், பக்கத்தில் நிற்பவர்களில் ஒருவராவது "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும் சார்" என்று சொல்லாமல் இருக்க மாட்டார். இன்னொருவர் "எல்லா வண்டியிலயும் வர்றதுதான், விடுங்க" என்பார். ஹெட் கேஸ்கெட் என்பது எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல் மூடியாக உட்காரும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் தகடு. அது கிழிந்தால் ரேடியேட்டர் தண்ணீர் சிலிண்டருக்குள் போய்விடும். இரண்டு பேச்சையும் நம்பி முடிவெடுக்க வேண்டியதில்லை. சென்னையில் ஓடும் வண்டிக்கு எளிய அளவுகோல் ஒன்று உண்டு: தண்ணீர் சொட்டுவது இங்கே வருடம் முழுக்க சகஜம். வெள்ளைப் புகை நிற்காமல் வருவது சகஜம் அல்ல.

காரணம் இதுதான். பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் எரியும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீராகிறது. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 900 மில்லி. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி, கிலோமீட்டருக்குச் சுமார் 60 மில்லி தண்ணீரை ஆவியாக வெளியே தள்ளிக்கொண்டே போகிறது. அந்த ஆவி 50 டிகிரிக்குக் கீழே இருக்கும் உலோகத்தைத் தொட்டால் இட்லிப் பானை மூடியில் நிற்பது போல நீராக நிற்கும். அக்னி நட்சத்திரத்தில்கூட இரவெல்லாம் நின்ற சைலன்சரின் சூடு 30 டிகிரியைத்தான் சுற்றியிருக்கும். அதனால் சொட்டும்.

வெள்ளைப் புகை வேறு கணக்கு. ஆவி கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்றால் வெளிக்காற்று அதைக் குளிரவைக்க வேண்டும். குளிர் நாடுகளில் எடுத்த வீடியோக்களில் "முதல் பத்து நிமிடம் வெள்ளைப் புகை வரும், பயப்படாதீர்கள்" என்று சொல்வது அங்கே சரி. இங்கே மார்கழி, தை விடியலிலும் அடைமழை நாளிலும் மெல்லிய ஆவி கொஞ்ச நேரம் தெரியும். மே மாத மத்தியானம் ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஆன பிறகும் வெள்ளையாகப் புகை வருகிறதென்றால், அதை ஆவி என்று சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாது.

"இ20 பெட்ரோல் வந்த பிறகுதான் தண்ணீர் அதிகமாச்சு" என்பதும் காதில் விழும். இ20-இல் ஐந்தில் ஒரு பங்கு கலந்திருக்கும் எத்தனால் எரிந்தாலும் லிட்டருக்குக் கிட்டத்தட்ட அதே அளவு தண்ணீர்தான் வரும். பழைய கார்புரேட்டர், ரப்பர் குழாய்களுக்கு இ20-ஆல் வரும் தொல்லை வேறு. சைலன்சரில் சொட்டுவதற்கு அதன் மீது பழி போட வேண்டாம்.

பார்க்கத் தொடங்கும் முன்

வண்டி இரவு முழுக்க நின்று ஆறியிருக்க வேண்டும். சூடான எஞ்சினில் பாதிச் சோதனைகள் பொய் சொல்லும். ஸ்டில்ட் பார்க்கிங்கின் மூலையில் வைத்து ஐடிலில் ஓடவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது. தெருவில் நிறுத்திப் பாருங்கள். வெள்ளை டிஷ்யூ நாலைந்து, டார்ச், ஒரு மார்க்கர் பேனா போதும்.

ரேடியேட்டர் மூடியை ஆறிய பிறகு மட்டுமே திறக்க வேண்டும். மூடியின் மேல் அது தாங்கும் அழுத்தம் 0.9 என்று இருந்தால் உள்ளே தண்ணீர் 118 டிகிரி வரை கொதிக்காமல் அடங்கியிருக்கும். மூடியைத் திறந்த நொடியில் அது முகத்துக்கு வரும்.

அடுத்தது உங்கள் ரேடியேட்டரில் இருப்பது என்ன என்று பாருங்கள். பச்சையோ சிவப்போ கூலண்ட்டா, வெறும் தண்ணீரா? இதைத் தெரிந்துகொள்ளாமல் "புகையில் இனிப்பு வாசனை வருகிறதா" என்று மோந்து பார்ப்பது வீண். இனிப்பு வாசனை கூலண்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்காலிலிருந்து வருவது. பழைய அம்பாஸடர், பத்மினி, மாருதி 800 பலவற்றில் வருடக்கணக்காக போர் தண்ணீர்தான் ஓடுகிறது. கேஸ்கெட் கிழிந்து அது எரிந்தாலும் எந்த வாசனையும் வராது. சொட்டும் நீரை நாக்கில் வைத்துப் பார்ப்பவர்களும் உண்டு. கிளைக்கால் விஷம், அந்த வேலையே வேண்டாம். வீட்டில் ஆர்.ஓ. தண்ணீருக்கு வைத்திருக்கும் டிடிஎஸ் மீட்டரும் உதவாது. சிலிண்டருக்குள் போன போர் தண்ணீரின் உப்பு அங்கேயே தங்கிவிடும், ஆவி மட்டும் வெளியே வரும். நல்ல வண்டியின் நீரிலோ சைலன்சர் துருவும் அமிலமும் கரைந்து மீட்டரை ஏற்றிவிடும்.

தண்ணீர் உண்மையில் சைலன்சரிலிருந்துதான் வருகிறதா என்பதையும் குனிந்து பார்த்துவிடுங்கள். வண்டியின் முன்பக்கம், இடது சீட்டின் கால் வைக்கும் இடத்துக்குக் கீழே சொட்டினால் அது ஏசி தண்ணீர். சென்னைப் புழுக்கத்தில் தாராளமாகவே வரும். வராவிட்டால்தான் குழாய் அடைத்திருக்கிறது.

முதலில் சில நிமிடம் மட்டும் சொட்டுகிறது, பிறகு நின்றுவிடுகிறது

சரியாக இருக்கும் வண்டி இப்படித்தான் செய்யும். டெயில் பைப்பிலிருந்து ஒரு சாண் தள்ளி டிஷ்யூவை 30 நொடி பிடியுங்கள். ஈரமும், ஊசி முனை அளவு கரும்புள்ளிகளும் விழும். 20 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி பிடித்தால் டிஷ்யூ காய்ந்தே இருக்க வேண்டும், லேசான சாம்பல் நிறம் படியலாம். அவ்வளவுதான்.

கரும்புள்ளிகள் அதிகமாகி, பின்னால் உள்ள சுவரில் மை தெளித்த மாதிரி விழுந்தால், தண்ணீர் பிரச்சினை அல்ல, பெட்ரோல் அதிகமாக எரிகிறது. கார்புரேட்டர் வண்டியில் சோக் முழுக்கத் திரும்பாமல் நிற்கிறதா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். எம்பிஎஃப்ஐ வண்டியில் (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீச்சும் வகை) ஆக்சிஜன் சென்சாரையும், கூலண்ட் சூட்டை அளக்கும் சென்சாரையும் சந்தேகப்படலாம்.

செங்காவி நிறத்தில் வந்தால் அது சைலன்சரின் உள்துரு. பழைய சைலன்சர் பெரும்பாலும் உள்ளிருந்து வெளியேதான் அரிக்கும். வெளியில் ஓட்டை தெரியும்போது உள்தட்டுகள் எப்போதோ போயிருக்கும்.

டிஷ்யூ காய்ந்த பிறகும் எண்ணெய் வட்டம் மறையாமல் நின்றால் ஆயில் எரிகிறது. அதற்குப் பிஸ்டன் ரிங்கையும் வால்வ் சீலையும் பார்க்க வேண்டும். நீலப் புகையும் கூடவே இருக்கும்.

1995 ஏப்ரல் முதல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் விற்ற புதிய பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. கன்வெர்ட்டர் சூடேறியதும் எரியாமல் தப்பிய பெட்ரோல் ஆவியையும் கார்பன் டை ஆக்சைடாகவும் தண்ணீராகவும் மாற்றும். அதனால் அந்த வண்டிகளில் தெளிந்த நீர் சொட்டுவது நல்ல அறிகுறி என்றே எடுத்துக்கொள்ளலாம்.

வளைவில் திரும்பும்போது பின்னால் சலசலக்கிறது, ரேஸ் கொடுத்தால் டம்ளர் கணக்கில் கொட்டுகிறது

சைலன்சர் டப்பாவுக்குள் தண்ணீர் தேங்கியிருக்கிறது. மயிலாப்பூரிலிருந்து தி.நகர், அங்கிருந்து வீடு என்று மூன்று நான்கு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தும் வண்டிகளில் அதிகம் பார்க்கலாம். எஞ்சின் சூடாகிவிடும், கடைசி டப்பா சூடாகாது. ஒவ்வொரு ஓட்டத்திலும் கொஞ்சம் நீர் சேரும், காய வழியில்லை.

பல கம்பெனி சைலன்சர்களில் டப்பாவின் மிகத் தாழ்ந்த இடத்தில் 2 முதல் 3 மில்லிமீட்டர் அளவில் ஒரு துளை இருக்கும். நீர் வடியவே அதை விட்டிருக்கிறார்கள். இங்கே அதற்கு நேரும் கதி இரண்டு. ஒன்று, துருவும் கரியும் சேர்ந்து அடைத்துவிடும். இரண்டு, சைலன்சர் வெல்டிங்குக்குப் போகும்போது "ஓட்டை விழுந்திருக்கு" என்று அதையும் சேர்த்து அடைத்துவிடுவார்கள். புதுப்பேட்டையில் பழைய டப்பா வாங்கினாலோ, தகடு வளைத்து உள்ளூரில் செய்ததைப் போட்டாலோ துளையே இல்லாமலும் இருக்கலாம்.

ஆறிய வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, டப்பாவின் அடியில் தடவிப் பாருங்கள். துளை அடைத்திருந்தால் கம்பியால் குத்தினால் போதும். இல்லையென்றால் 3 மில்லிமீட்டர் டிரில் பிட் வைத்து, கடைசி டப்பாவின் தாழ்ந்த புள்ளியில் ஒரே ஒரு துளை போடலாம். வண்டி சமதரையில் நிற்கும் நிலையில் எது தாழ்ந்த இடம் என்று முன்பே மார்க்கரால் குறித்துவிடுங்கள். ஜாக்கியில் தூக்கிய பிறகு அது மாறித் தெரியும். கன்வெர்ட்டருக்கும் ஆக்சிஜன் சென்சாருக்கும் முன்னால் எங்கேயும் துளை போடக் கூடாது. அந்த வழியாகக் காற்று உள்ளே இழுபட்டு சென்சாரை ஏமாற்றிவிடும். டிரில் நுனி பட்டதுமே தகடு பொலபொலவென்று உதிர்ந்தால் துளை வேலையை நிறுத்திவிட்டு டப்பாவை மாற்றுங்கள்.

வாரத்தில் ஒரு நாளாவது முக்கால் மணி நேரம் ஜி.எஸ்.டி. ரோட்டிலோ ஈ.சி.ஆரிலோ நிற்காமல் ஓட்டினால் தேங்கியது காய்ந்துவிடும். வீட்டு வாசலில் ஐடிலில் அரை மணி நேரம் ஓடவிடுவது எதிர்வேலை. ஐடிலில் டப்பா சூடாகாது, தண்ணீர் மட்டும் சேரும்.

நெடுந்தூரம் ஓட்டியும் சொட்டு நிற்கவில்லை, புகை இல்லை, சூட்டு முள் மேலே ஏறவே இல்லை

எஞ்சின் சூடேறும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வான தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று பாருங்கள். "மெட்ராஸ் வெயிலுக்கு இது எதுக்கு சார்" என்று கழற்றி வீசிய வண்டிகள் இந்த ஊரில் ஏராளம். கழற்றியதும் நெரிசலில் சூடு ஏறாமல் இருப்பது போலத் தோன்றும். ஆனால் எஞ்சின் எப்போதும் அரைச்சூட்டிலேயே ஓடும். பெட்ரோல் கூடுதலாகப் போகும், சைலன்சரும் சூடேறத் தாமதமாகும், ஆயிலுக்குள் போகும் நீராவி வெளியேறாமல் ஆயில் மூடிக்கு அடியில் வெளிர் மஞ்சள் பசையாகப் படியும். இந்தப் பசையைப் பார்த்து ஹெட் கேஸ்கெட் என்று முடிவுகட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு.

தெர்மோஸ்டாட்டின் மேலேயே 82 அல்லது 88 என்று அது திறக்கும் சூடு குத்தியிருக்கும். ஜி.பி. ரோட்டில் வாங்கியதை மாட்டுவதற்கு முன் ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் நூலில் தொங்கவிட்டு, அடியில் படாமல் சூடாக்கிப் பாருங்கள். தண்ணீர் கொதிக்கத் தொடங்குவதற்குள் வால்வ் நன்றாக விலகித் திறக்க வேண்டும், ஆறியதும் ஒளி தெரியாதபடி மூட வேண்டும். தெர்மோஸ்டாட் போட்டதும் வண்டி சூடேறினால், அதைத் திரும்பக் கழற்றாதீர்கள். ரேடியேட்டர் உப்படைத்திருக்கிறது அல்லது ஃபேன் சரியாக ஓடவில்லை, அதைச் சரிசெய்யுங்கள்.

வெள்ளைப் புகை நிற்கவில்லை, ரேடியேட்டர் தண்ணீரும் குறைகிறது

இங்கேதான் பொறுமையாகப் பார்க்க வேண்டும். முதலில், தண்ணீர் உண்மையிலேயே காணாமல் போகிறதா? ரிசர்வாயர் டப்பாவில் காலையில், ஆறிய நிலையில், மார்க்கரால் கோடு போட்டு ஒரு வாரம் பாருங்கள். மூடிய அமைப்பு சரியாக இருந்தால் கோடு அப்படியே இருக்கும். அம்பாஸடர், பத்மினி போன்ற ரிசர்வாயர் இல்லாத வண்டிகளில் கழுத்து வரை ரொப்பினால், சூடேறியதும் விரிந்த நீர் வழிந்தோடும் குழாய் வழியே வெளியேறி, ஓரிரண்டு அங்குலம் கீழே போய் நின்றுகொள்ளும். அது கசிவு அல்ல. தினமும் ரொப்புவதால்தான் தினமும் குறைகிறது. அந்த மட்டத்துக்குக் கீழேயும் இறங்கினால்தான் கவலை.

வெளிக்கசிவையும் விலக்கிவிடுங்கள். வாட்டர் பம்பின் அடியில் உள்ள சின்னத் துளையில் ஈரம், ஹோஸ் கிளிப் ஓரத்தில் வெள்ளை உப்பு, பிளாக்கின் பக்கவாட்டில் தட்டி அடைத்த தகட்டு மூடிகளில் துரு வழிந்த தடம் ஆகியவற்றை டார்ச் அடித்துத் தேடுங்கள். போர் தண்ணீர் ஓடிய எஞ்சினில் இந்தத் தகட்டு மூடிகள் முதலில் அரித்துப்போகும். ஹீட்டர் உள்ள வண்டியில் இடது பக்க மிதியடிக்குக் கீழே கார்பெட் பிசுபிசுப்பாக இருக்கிறதா என்றும் தொட்டுப் பாருங்கள். எல்லாம் காய்ந்திருந்தால் தண்ணீர் சிலிண்டர் வழியாகத்தான் போகிறது.

இனி சோதனைகள். செலவில்லாததிலிருந்து தொடங்கலாம்.

1. ஆறிய வண்டியில் ரேடியேட்டரைக் கழுத்து வரை ரொப்பி, மூடியைத் திறந்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் ஓரிரு நிமிடம் அடைந்திருந்த காற்று வரும், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அதற்குப் பிறகும், தெர்மோஸ்டாட் திறக்கும் முன்பே, ரேஸ் கொடுக்கக் கொடுக்கக் குமிழிகள் விடாமல் வந்தால் எரிந்த புகை கூலண்ட்டுக்குள் நுழைகிறது. மேல் ஹோஸ் இரண்டு நிமிடத்திலேயே கல்லாக இறுகுவதும் அதே அறிகுறி.

2. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வையுங்கள். மூன்றில் இரண்டு பழுப்பாகவும் ஒன்று மட்டும் கழுவிவிட்டது போல வெளுத்தும் இருந்தால் தண்ணீர் அந்த சிலிண்டரில்தான் போகிறது. ஒரே ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. பக்கத்துப் பிளக்கோடு ஒப்பிட்டால்தான் புரியும்.

3. ரேடியேட்டர் பிரஷர் டெஸ்டர் கடன் கிடைத்தால் மற்றதெல்லாம் தேவையே இல்லை என்று சொல்லலாம். மாலையில் எஞ்சின் ஆறியதும் மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம் வரை மட்டும் பம்ப் செய்து விடுங்கள், 0.9 மூடிக்கு 0.9, அதற்கு மேல் ஏற்றினால் பழைய ரேடியேட்டர் தொட்டி பிளந்துகொள்ளும். காலையில் முள் இறங்கியிருந்தால் பிளக்குகளைக் கழற்றி, இக்னிஷன் காயில் இணைப்பைப் பிடுங்கி, எம்பிஎஃப்ஐ வண்டியென்றால் பெட்ரோல் பம்பின் ஃபியூஸையும் எடுத்துவிட்டு, ஓரமாக நின்றுகொண்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். குற்றவாளி சிலிண்டரின் துளையிலிருந்து தண்ணீர் பீச்சியடிக்கும். குனிந்து பார்க்காதீர்கள்.

4. ரேடியேட்டர் கழுத்தில் வைக்கும் நீலத் திரவச் சோதனை சில பெரிய பட்டறைகளில் உண்டு. கூலண்ட்டிலிருந்து வரும் காற்றில் எரிபுகை இருந்தால் பெட்ரோல் வண்டியில் நீலம் மஞ்சளாகும். கூலண்ட் மட்டத்தை 5 சென்டிமீட்டர் இறக்கிவிட்டுச் செய்ய வேண்டும், இல்லையென்றால் கூலண்ட் உறிஞ்சப்பட்டு சோதனை கெடும்.

கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று இறுகும் அழுத்தம்) பார்ப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பிளக்கும் வெளியே, ஆக்சிலரேட்டர் முழு அழுத்தத்தில், பேட்டரி நல்ல சார்ஜில். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் சேர்ந்து தாழ்ந்திருந்தால் அவற்றுக்கு நடுவே கேஸ்கெட் எரிந்திருக்கிறது, அதில் சந்தேகம் குறைவு. ஆனால் எல்லா சிலிண்டரும் சரியாகக் காட்டினால் "கேஸ்கெட் நல்லாயிருக்கு" என்று அர்த்தமில்லை. சிலிண்டருக்கும் தண்ணீர் வழிக்கும் நடுவே மயிரிழை அளவில் கசிந்தால் கம்ப்ரஷன் மீட்டருக்கு அது தெரியவே தெரியாது. காற்றை உள்ளே விட்டுப் பார்க்கும் சோதனை அதைக் காட்டிக்கொடுக்கும். பிஸ்டன் மேலே வந்து இரண்டு வால்வும் மூடிய நிலையில், டாப் கியர் போட்டு ஹாண்ட் பிரேக் இழுத்து, பிளக் துளை வழியே கம்ப்ரஸர் காற்றைச் செலுத்தினால் ரேடியேட்டரில் குமிழி வரும்.

இன்னொரு நுட்பமான அறிகுறி: காலை முதல் ஸ்டார்ட்டில் பத்து இருபது நொடி ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங், ஒரு மொத்தை வெள்ளைப் புகை, பிறகு நாள் முழுக்க ஒன்றுமில்லை. முந்தைய நாள் ஓட்டி நிறுத்தியதும் மிச்சமிருக்கும் அழுத்தம் இரவில் சில துளிகளைச் சிலிண்டருக்குள் தள்ளிவிடுகிறது. கேஸ்கெட் விட ஆரம்பித்திருக்கிறது, முழுக்க விடவில்லை. கத்திப்பாரா நெரிசலில் நிற்கும் நாளில் மீதியும் விட்டுவிடும். அதற்கு முன்பே பார்ப்பது செலவைக் குறைக்கும்.

டிப்ஸ்டிக்கிலேயே ஆயில் பால் கலந்த நிறத்தில் வந்தால் அதற்கு மேல் எஞ்சினை ஓட்டவே கூடாது. தண்ணீர் கலந்த ஆயில் பேரிங்குகளைத் தின்றுவிடும். மூடிக்கு அடியில் மட்டும் பசை, டிப்ஸ்டிக் சுத்தம் என்றால் துடைத்துவிட்டு தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை போய்வந்து மறுபடி பாருங்கள். ஆயில் சுத்தமாக இருப்பதால் கேஸ்கெட்டுக்கு விடுதலை கொடுத்துவிடவும் முடியாது. எந்த இடத்தில் கிழிகிறது என்பதைப் பொறுத்து தண்ணீர் ஆயிலுக்குப் போகலாம், சைலன்சருக்குப் போகலாம், இரண்டுக்கும் போகலாம்.

ஹெட்டைக் கழற்றும் முன் இன்டேக் மேனிஃபோல்டைப் பாருங்கள். கார்புரேட்டர் வண்டிகள் சிலவற்றில் பெட்ரோல் ஆவியாக உதவும் என்று மேனிஃபோல்டுக்கு அடியில் சுடுநீர் ஓடும். அதன் கேஸ்கெட்டோ அலுமினியமோ அரித்தால் தண்ணீர் நேராகக் காற்று வழியில் இழுக்கப்படும். அறிகுறிகள் எல்லாம் ஹெட் கேஸ்கெட் போலவே இருக்கும், ரேடியேட்டரில் குமிழி மட்டும் வராது. பிற்கால டீசல் வண்டிகளில் இதே வேடத்தைப் போடுவது இஜிஆர் கூலர், அதாவது எஞ்சினுக்கே திரும்பப் போகும் புகையைத் தண்ணீரால் ஆறவைக்கும் பாகம்.

மஞ்சள் பொடி போட்டால் அடைக்கும் என்பது ரேடியேட்டரில் ஊசித் துளைக்கு வேண்டுமானால் ஊர் போய்ச் சேரும் வரை உதவும். எரிபுகை அழுத்தத்தின் முன் மஞ்சளும் நிற்காது, கடையில் விற்கும் லீக் அடைக்கும் திரவமும் நிலைக்காது. இரண்டும் ரேடியேட்டர் குழாய்களை அடைத்து அடுத்த சூட்டுக்கு வழி செய்யும்.

வெள்ளைப் புகை வருகிறது, ஆனால் ரேடியேட்டர் தண்ணீர் குறையவில்லை

பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டர் உள்ள வண்டியில் பிரேக் மாஸ்டர் சிலிண்டரின் பின் சீல் தேய்ந்தால் பிரேக் ஆயில் பூஸ்டருக்குள் கசியும். அங்கிருந்து எஞ்சினின் வாக்யூம் குழாய் அதை உறிஞ்சி எரிக்கும். அடர்த்தியான வெள்ளைப் புகை வரும், சக்கரங்களில் எங்கேயும் கசிவு தெரியாது. பூஸ்டருக்குப் போகும் வாக்யூம் ஹோஸைக் கழற்றினால் உள்ளே ஈரமாக இருக்கும். இப்படிப்பட்ட வண்டியை ஓட்டி மெக்கானிக்கிடம் கொண்டுபோகக் கூடாது, இழுத்துத்தான் போக வேண்டும். ஹெட் கேஸ்கெட் போனால் வண்டி நடுவழியில் நிற்கும். இது போனால் வண்டி நிற்காது.

டீசல் வண்டியென்றால், கண் எரியும் டீசல் நெடியோடு வரும் வெள்ளைப் புகை எரியாத டீசல். ஹீட்டர் பிளக் வேலை செய்யவில்லை, இன்ஜெக்டர் ஒழுகுகிறது, பம்ப் டைமிங் பின்தங்கியிருக்கிறது ஆகிய மூன்றையும் இந்த வரிசையிலேயே பாருங்கள்.

மழைக்கும் வெள்ளத்துக்கும் பிறகு

டெயில் பைப் வரை மட்டும் தண்ணீர் ஏறி வடிந்திருந்தால் சைலன்சரில் நின்ற நீர் முதல் ஸ்டார்ட்டில் கலங்கலாகக் கொட்டிவிட்டுப் போகும். ஆனால் ஏர் ஃபில்டர் வரை ஏறியிருக்குமோ என்று லேசான சந்தேகம் இருந்தாலும் சாவியைத் தொடாதீர்கள். தண்ணீர் அமுங்காது. மாருதி 800-இன் ஒரு சிலிண்டர் சுமார் 265 சிசி. பிஸ்டன் மேலே வந்ததும் மிஞ்சும் இடம் 35 மில்லி அளவுதான். அவ்வளவு தண்ணீர் உள்ளே இருந்தால் ஒரே ஒரு செல்ஃபில் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தெருத்தெருவாக நின்ற கார்களுக்கு இந்த ஒரு எச்சரிக்கை போதுமானதாக இருந்திருக்கும்.

பேட்டரியின் மைனஸைக் கழற்றுங்கள். ஏர் ஃபில்டர் நனைந்திருக்கிறதா, டிப்ஸ்டிக்கில் மட்டம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏதாவது ஒன்று ஆம் என்றால் எல்லாப் பிளக்கையும் எடுத்துவிட்டு, கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் வைத்து இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றுங்கள். தண்ணீர் பிளக் துளை வழியே வரும். கையால் தடையின்றிச் சுற்றிய பிறகுதான் பேட்டரியை இணைத்து, பிளக் இல்லாமலே செல்ஃப் அடித்து மிச்சத்தை வெளியேற்ற வேண்டும். ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் மறுபடி ஒருமுறை ஆயில் மாற்றுங்கள். முதல் முறை மாற்றியதில் எல்லாத் தண்ணீரும் போய்விடாது. பெட்ரோல் டேங்கின் அடியிலிருந்து ஒரு பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் வைத்தும் பாருங்கள். அடியில் தனி அடுக்காகத் தண்ணீர் நின்றால் டேங்கையும் இறக்க வேண்டியதுதான்.

ஹெட்டைக் கழற்றியே ஆக வேண்டும் என்றால்

கேஸ்கெட்டை மட்டும் மாற்றி மூடிவிட ஒப்புக்கொள்ளாதீர்கள். அலுமினிய ஹெட் ஒருமுறை நன்றாகச் சூடேறினாலே வளையும். நேரான ஸ்டீல் கட்டையைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பல சிறிய எஞ்சின்களுக்கு 0.05 மில்லிமீட்டருக்கு மேல் நுழைந்தால் லேத்தில் கொடுத்து ஃபேஸிங் செய்ய வேண்டும், அதாவது பரப்பைச் சீவிச் சமப்படுத்த வேண்டும். பிளாக்கின் மேல்பரப்பையும் அதேபோலப் பார்க்க வேண்டும், பலர் அதை விட்டுவிடுவார்கள். ஃபேஸிங்குக்கு முன் ஹெட்டின் தண்ணீர் வழிகளை அடைத்து, சுடுநீரில் மூழ்கடித்துக் காற்றடித்து விரிசல் சோதனையும் செய்யச் சொல்லுங்கள். வால்வ்களுக்கு நடுவே உள்ள விரிசல் சூட்டில்தான் திறக்கும், பச்சைத் தண்ணீரில் தெரியாது.

போல்ட் துளைகளில் ஆயிலோ தண்ணீரோ நிற்கக் கூடாது. நின்றால் போல்ட் இறுகியது போலக் காட்டும், கேஸ்கெட் இறுகியிருக்காது. கேஸ்கெட்டைக் காய்ந்தபடி வையுங்கள். அனபாண்ட் பசை சம்ப்புக்கும் டேப்பட் கவருக்கும் உரியது, ஹெட் கேஸ்கெட்டுக்கு அல்ல. நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று தவணையில், டார்க் ரென்ச்சில் அந்த எஞ்சினுக்கு உரிய அளவுக்கு முறுக்க வேண்டும். டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினில் பெல்ட்டையும் அப்போதே மாற்றிவிடுங்கள்.

கேஸ்கெட் ஏன் போனது என்று கண்டுபிடிக்காமல் பட்டறையிலிருந்து வண்டியை எடுத்து வராதீர்கள். உப்படைத்த ரேடியேட்டர், நெரிசலில் ஓடாத ஃபேன், அழுத்தம் பிடிக்காத மூடி, கழற்றி வீசிய தெர்மோஸ்டாட் ஆகியவற்றில் ஒன்று கட்டாயம் இருக்கும். ரொப்புவதற்குப் போர் தண்ணீர் வேண்டாம். கலந்து விற்கும் கூலண்ட், அல்லது பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் மூன்றில் ஒரு பங்கு கூலண்ட். சென்னையில் உறைபனி பயம் இல்லை, துரு பிடிக்காமல் இருக்க அது போதும்.

வேலை முடிந்து வந்த அன்றும் வெள்ளைப் புகை வரும், பதற வேண்டாம். சைலன்சருக்குள் ஊறியிருக்கும் பழைய கூலண்ட் எரிந்து தீர 20, 30 கிலோமீட்டர் ஓட வேண்டியிருக்கும். அம்பாஸடர் போன்ற பழைய வகைக் கேஸ்கெட்டுகளுக்கு 500 கிலோமீட்டரில், ஆறிய எஞ்சினில், மறுபடி ஒருமுறை முறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ரிசர்வாயரில் போட்ட மார்க்கர் கோட்டை மட்டும் ஒரு மாதத்துக்கு அழிக்காதீர்கள்.